காரணமும் உண்மை, நோயும் உண்மை

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டிவிட்டது, இத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி மலையகத்தில் ஆண்டு முழுவதும் வருகிறது. பத்திரிகையின் ஓரத்தில் நாலு வரி, மறுநாள் மறந்துபோகும். கொட்டுப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வீக்கம் வற்றியதும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப முடியாமல் போகிற ஒருத்தியும் அவர்களுக்குள் இருப்பாள். அவளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

காலையில் பெறட்டுக்களம் வரை வருவாள். கொட்டுப்பட்ட அந்த மலைக்கு ஆள் பிரிக்கும்போதே அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். செடிக்குள் ஏதாவது ரீங்காரம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும். கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவருவாள். சில கிழமைகளில் பெறட்டுக்கும் வராமல் நின்றுவிடுவாள். கங்காணி கள்ளவேலை என்பார். மாமியார் காத்துக் கருப்பு என்பாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு பெனடோல் கிடைக்கும். புருஷன் முதல் மாதம் தேற்றுவான். மூன்றாம் மாதம் சம்பளத் துண்டைப் பார்த்துவிட்டுக் கத்துவான். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளுக்கு வந்திருப்பது குணப்படுத்தக்கூடிய நோய் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வைத்தியர்கள் பதகளிப்பு நோய்கள் என்று சொல்லும் கூட்டத்தோடு சேர்ந்தது அது. மனநோய்களிலேயே உலகில் அதிகம் பேரைப் பிடித்திருப்பது இந்தக் கூட்டம்தான். 2019இல் சுமார் 30 கோடிப் பேர் இவற்றோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நல்ல சிகிச்சைகள் இருந்தும், தேவைப்படுவோரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. மிச்ச மூன்று பேர் எங்கே என்று யாராவது கேட்டால் நுவரெலியா மாவட்டத்து லயன்களைத் தயங்காமல் காட்டலாம்.

இந்த நோய் ஏன் நம் மலைகளில் கண்ணில் படுவதில்லை? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே பயப்படுவதற்கு நியாயமான காரணங்கள் அளவுக்கு மிஞ்சிக் கிடக்கின்றன. அந்தக் காரணங்களின் நெரிசலுக்குள் நோய் ஒளிந்துகொள்கிறது. “யாருக்குத்தான் பயமில்லை?” என்று கேட்டுவிட்டு, நோயாளியையும் மற்றவர்களோடு வரிசையில் நிறுத்திவிடுகிறோம்.

காரணங்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கலில் கிடந்தது. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஒரே காம்பராவுக்குள் பிரிந்த குடும்பங்கள் உண்டு. நாடற்ற நிலையைச் சட்டத்தால் முடித்துவைக்க 2003 ஆயிற்று. இதற்கிடையில் 1977, 1981, 1983 என்று வன்செயல்கள் தோட்டங்களையும் தேடிவந்தன. தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் அங்கே யுத்தத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். இரவில் வெளியே நாய் குரைத்தால் விளக்கை அணைக்கச் சொல்லும் பாட்டியிடம் வளர்ந்தவர்களுக்கு இன்று நடுத்தர வயது. பயமும் ஒரு தலைமுறை மற்றதற்குப் படிப்பித்துக் கொடுப்பதுதான்.

இன்றைய காரணங்களுக்கும் குறைவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம் மாற்ற வேண்டும் என்று பல ஆண்டுகள் முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் வீடு திரும்பியபோது வீடு இருந்த இடமே இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களையே விழுங்கின. இப்போது தகரத்தில் மழை பலமாக விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளாத வீடு எத்தனை? இதோடு கிழமைக்கொரு தடவை வாசலுக்கு வந்து நிற்கும் நுண்கடன்காரர். மத்திய கிழக்குக்குப் போன தாய் இந்த மாதம் கூப்பிடவில்லையே என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கே 2021 வரை இழுபறி; 1,350 ஆக 2024 ஆயிற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பயப்படாதவன்தான் வைத்தியரிடம் போக வேண்டும் போலிருக்கிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். காரணம் இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. குளிரில் நனைந்துதான் நிமோனியா வந்தது என்று நினைத்துக்கொண்டு யாரும் நிமோனியாவுக்கு மருந்து கொடுக்காமல் இருப்பதில்லை. மழை எச்சரிக்கை வந்த இரவில் தூங்காதிருப்பது புத்திசாலித்தனம். எச்சரிக்கை நீங்கி, வெயில் அடித்து, இரண்டு மாதம் கழிந்த பிறகும் தூங்க முடியாதிருப்பது வேறு விஷயம். கடன்காரர் வரும் நாளில் வயிறு கலங்கினால் அது கவலை. கடன் அடைந்த பின்னும் வாசலில் காலடி கேட்டாலே கலங்கினால் அந்த வயிறு நம் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

வைத்தியர்கள் வைத்திருக்கும் அளவுகோல் சிக்கலானதல்ல. பயம் ஆபத்தின் அளவைத் தாண்டி நிற்கிறதா? நாள் கணக்கில் இல்லாமல் மாதக் கணக்கில் நீடிக்கிறதா? வேலை, சமையல், பிள்ளை, தூக்கம், கோயில், கடைத்தெரு என்று வாழ்க்கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று போகிறதா? எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதகளிப்பு நோயை உறுதிசெய்ய ஆறு மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கவலையை நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது. கூடவே அமைதியின்மை, சீக்கிரம் களைப்பு, மனம் ஒருநிலைப்படாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு என்பவற்றில் சில இருக்கும். கடந்த இரண்டு கிழமையைப் பற்றி ஏழே கேள்வி கேட்டு, பதிலுக்குப் புள்ளி போட்டு, மேலும் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் படிவம் ஒன்று 2006 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. கேட்டுப் புள்ளி போட ஐந்து நிமிஷம் போதும்.

ஆனால் நம் பெண்கள் டிஸ்பென்சரி வாசலில் நின்று “எனக்குக் கவலையா இருக்கு” என்று சொல்லமாட்டார்கள். தலை பாரம், கழுத்து இழுக்குது, வயிறு எரியுது, கை கால் ஓய்ச்சல், நெஞ்சு படபடங்குது என்பார்கள். அதைப் பொய் என்று தள்ளக்கூடாது. பயத்தில் உடம்புக்குள் சுரக்கும் அதிரினலின் இதயத்தை ஓட்டுகிறது, தசையை முறுக்குகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. மனம் உணராத பயத்தைக்கூட உடம்பு சொல்லிவிடும். மறுபக்கத்தையும் மறக்கக்கூடாது. தோட்டத்துப் பெண்களிடையே இரத்தசோகை அதிகம். இரத்தம் குறைந்தாலும் படபடப்பும் மூச்சு வாங்கலும் வரும். தைரொயிட் கூடினாலும் அப்படியே. எனவே முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் மனம் பற்றிய பேச்சு. எடுத்த எடுப்பிலேயே “எல்லாம் மனப்பிராந்தி” என்று சொல்கிறவரும் பிழை செய்கிறார், பெனடோலோடு அனுப்புகிறவரும் பிழை செய்கிறார்.

இந்த நோய்களில் மிகவும் மிரட்டுவது திடீர்ப் பீதி. சும்மா உட்கார்ந்திருப்பார். இதயம் தறிகெட்டு ஓடும், விரல் நுனி மரத்துப்போகும், தொண்டை அடைக்கும், இதோ செத்துவிடப்போகிறேன் என்று உறுதியாகத் தோன்றும். வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட் குறைகிறது. விரல் மரப்பும் தலைச்சுற்றும் அதனால் வருபவை. பொதுவாகச் சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். வீட்டார் அதற்குள் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வந்திருக்கும். அழைத்தது சரிதான், மாரடைப்பா பீதியா என்று லயன் வாசலில் நின்று யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது. ஈ.சி.ஜி. எடுப்பார்கள், ஒழுங்காக இருக்கும். “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க” என்ற வாக்கியம் அப்போதுதான் வரும். இந்த வாக்கியம் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவது. ஆனால் மிகவும் கெடுதல் செய்வது. ஒன்றுமில்லை என்றால் நேற்று இரவு செத்துப் பிழைத்தது என்ன? இன்னொரு தடவை வந்துவிடுமோ என்ற பயத்தில் பஸ் ஏறுவதை நிறுத்துவார், சந்தைக்குப் போவதை நிறுத்துவார், கடைசியில் இஸ்தோப்பைத் தாண்டமாட்டார். “இதயத்தில் ஒன்றுமில்லை, உங்களுக்கு வந்ததற்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு” என்று ஒரு வாக்கியம் கூடச் சொன்னால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

கோயிலுக்குக் கூட்டிப்போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் இதைக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. முனியாண்டி கோயிலில் பூசாரி தண்ணீர் மந்திரித்துத் தெளித்து, கையில் நூல் கட்டி, “இனி ஒன்றும் வராது, போ” என்று சொல்லும்போது பயந்தவருக்குப் பல நாளுக்குப் பின் ஒருவர் அக்கறையோடு நேரம் ஒதுக்குகிறார். சிலருக்கு அதிலேயே தெளிவு வருகிறது. தெளிவு வராதவருக்கு மறுபடி பூசை, அதற்கும் மேல் பெரிய பூசை, அடகு வைத்த தோடு என்று மாதங்கள் போய்விடுவதுதான் ஆபத்து. விபூதி பூசிக்கொண்டே கிளினிக்குக்கும் போகலாம். இரண்டுக்கும் பகை இல்லை.

ஆண்களிடம் இந்த நோய் பெரும்பாலும் தவறணை வழியாகத்தான் வெளியே தெரியும். குடித்தால் அன்றிரவு படபடப்பு அடங்கும், காலையில் இரட்டிப்பாகத் திரும்பும், மறுபடி குடி. குடிகாரன் என்று பெயர் வாங்கிய பிறகு அவனுக்குள் பயம் இருந்ததா என்று யார் கேட்கிறார்கள்? பிள்ளைகளிடம் வயிற்று வலியாக வரும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் காலத்தில் காலையில் வாந்தி எடுக்கும் பத்து வயதுப் பிள்ளையை அடித்துப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் தோட்டத்தில் மட்டுமல்ல, அட்டன் நகரத்திலும் உண்டு.

சரி, உளவளத்துணை என்று போனால் அங்கே என்ன நடக்கிறது? புத்திமதி சொல்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். புத்திமதிக்கு லயனில் பஞ்சமே இல்லை. குளவி கொட்டிய பெண்ணையே எடுத்துக்கொள்வோம். பயிற்சி பெற்ற ஒருவர் முதலில் அவளைப் பேசவிட்டுக் கேட்பார். பயம் வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று விளக்குவார். அது உயிரை எடுக்காது என்று தெரிந்தாலே பாதிப் பயம் குறையும். மூச்சை மெதுவாக, வயிற்றிலிருந்து விடப் பழக்குவார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படிக்கட்டு போடுவார்கள். முதற்படி, ரோட்டில் நின்று அந்த மலையைப் பார்ப்பது. படபடப்பு வரும்; ஓடாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். அதை அவள் தன் உடம்பாலேயே கண்டுகொள்ள வேண்டும், யாரும் சொல்லிப் புரியாது. அடுத்த படி, கூட்டாளியோடு ஓர நிரைக்குப் போய்ப் பத்து நிமிஷம் நிற்பது. அதற்கடுத்தது, கூடை இல்லாமல் மலைக்குள் நடப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் தேயும் வரை நிற்க வேண்டும், அவசரப்பட்டு இழுத்துக்கொண்டு போகக்கூடாது. “ஒரே தடவை கொண்டுபோய் விட்டால் பயம் தெளியும்” என்று கங்காணி செய்யும் வைத்தியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

குளவி இனிக் கொட்டாது என்று அவளுக்கு யாரும் சத்தியம் செய்து கொடுக்க முடியாது. கொட்டலாம். சிகிச்சையின் வேலை பயத்தை ஒழிப்பதில்லை, ஆபத்தின் அளவுக்கு அதைக் கொண்டுவருவது. ஆபத்தைக் குறைப்பது வேறொருவர் வேலை: மலையில் ஆள் இறக்கும் முன் கூடுகளைப் பார்த்து அகற்றுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அவள் படியேறிக்கொண்டிருக்கையில் கூடு அங்கேயே தொங்கினால் அந்தச் சிகிச்சைக்கு என்ன அர்த்தம்? உளவளத்துணையும் உரிமையும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

எல்லோருக்கும் பேச்சு மட்டும் போதாது. நோய் முற்றியவர்களுக்கு மாத்திரை வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகையே பதகளிப்புக்கும் முதல் மருந்து. அது வேலை செய்ய இரண்டு முதல் ஆறு கிழமை பிடிக்கும். நாலாம் நாளே “இது சரிவராது” என்று கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். சரியாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்துவதும் கூடாது. வைத்தியர் சொல்கிறபடி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். உடனே மயக்கித் தூங்கவைக்கும் மாத்திரைகள் வேறு ரகம். அவை சில நாளைக்கு உதவும், நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த “தூக்க மாத்திரையை” வாங்கி விழுங்காதீர்கள்.

இனி, போவது எப்படி? டிக்கோயாவில் 150 கட்டில்களோடு இந்திய உதவியில் எழுந்த ஆதார வைத்தியசாலையை 2017 மே மாதம் நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார். நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் என்ற பதவி இருக்கிறது. ஆனால் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல வைத்திய நிபுணர்கூட இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்போது அம்பகமுவ என்ற ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒரு மேசை போட்டு ஓர் உத்தியோகத்தரை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த மேசைக்கு வரவே ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு போகும். கீழ்க்கணக்கிலிருந்து மேலே ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, வைத்தியசாலையில் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, உள்ளே போனால் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். கால் முறிவை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லலாம். இரவில் வரும் நினைப்பை எப்படிச் சொல்வது? அதுவும் மொழிபெயர்க்கிறவர் பக்கத்துத் தோட்டத்து அட்டெண்டன்ட் என்றால்?

வெட்கம் தனி. கொழும்புக்குப் பக்கத்தில் பெரிய மனநல வைத்தியசாலை இருக்கும் ஊரின் பெயர் அங்கொடை. இந்த நாட்டில் சண்டையில் திட்டப் பயன்படும் ஊர்ப் பெயர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மனநல கிளினிக் பக்கம் ஒருத்தி நின்றதை ஒருவர் கண்டால் மாலைக்குள் லயன் முழுக்கத் தெரியும், தங்கச்சியின் கலியாணப் பேச்சு வரை போகும். நெஞ்சு படபடப்புக்கு எடுக்கும் ஈ.சி.ஜி.யை எல்லோரிடமும் காட்டலாம், அதே படபடப்புக்குப் பேசப் போவதை மறைக்க வேண்டும். வீட்டிலேயே பேசலாம் என்றால், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் “தண்ணி குடி” என்று குரல் வரும் சுவர்.

வடக்கையும் கிழக்கையும் பார்க்கும்போது மலையகத்தின் வறுமை இன்னும் தெரிகிறது. அங்கே யுத்தமும் 2004 சுனாமியும் கொண்டுவந்த அழிவுக்குப் பின், உளவளத்துணை என்ற துறையே தமிழில் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யுத்தம் மனதில் விட்ட வடுக்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார்கள். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் ஊர் மட்டத்தில் ஆட்களைப் பயிற்றின. போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி, தொடக்கமாவது இருந்தது. மலையகத்தின் காயம் ஒரே நாளில் விழுந்த குண்டு அல்ல. இருநூறு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது என்பதால் யாரும் அதை அவசரமாக எடுக்கவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து, இங்கே வந்துசேர்ந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தார்கள். காணி, வீடு, சம்பளம், அடையாளம் எல்லாம் அந்த நடையில் பேசப்பட்டன. உளநலம் அந்த வரிசையில் எங்கே நின்றது?

நிபுணர்கள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு உலகில் இரண்டு நல்ல சான்றுகள் இருக்கின்றன. இந்தியாவில் கோவா மாநிலத்தில் விக்ரம் பட்டேல் குழுவினர், வைத்தியரோ தாதியோ அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தினார்கள். மனச்சோர்வும் பதகளிப்பும் உள்ளவர்களைக் கண்டறிவது, பேசுவது, தேவையானால் மட்டும் வைத்தியரிடம் அனுப்புவது அவர்கள் வேலை. அரசு நிலையங்களுக்கு வந்தவர்கள் அதனால் கூடுதலாகக் குணமடைந்தார்கள் என்று 2010இல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபண்டா என்ற மனநல வைத்தியர் 2006இல் பாட்டிமாரைப் பயிற்றினார். கிளினிக் வளவில் மரத்தடியில் ஒரு வாங்கு, அதில் பாட்டி, பக்கத்தில் மனம் நொந்த ஒருவர். கேட்பதும், பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்து அதற்கு வழி தேடவைப்பதும்தான் முறை. முறையான ஆய்வில் அது பலன் தந்ததை 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் வெளியிட்டது. பாட்டிமாருக்கு நம் தோட்டங்களிலும் பஞ்சமில்லை.

நம்மிடம் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஒவ்வொரு தாயின் முகத்தையும் தினம் இரு வேளை பார்க்கிறவர்கள். குடும்ப நல மாது வீடு வீடாக வருகிறார். பிரசவித்த தாயின் மனநிலையைக் கேட்டறிவது அவருக்குப் புதிதல்ல. ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்கள், பள்ளி ஆசிரியைகள் இருக்கிறார்கள். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஆண்டுதோறும் தமிழ் ஆசிரியர்களை உருவாக்கி அனுப்புகிறது. அவர்களின் பாடத்தில் இந்த ஏழு கேள்வியையும் மூச்சுப் பயிற்சியையும் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. தோட்டத்துக்கு இருவரைத் தேர்ந்து, ஒழுங்காகப் பயிற்றி, மாதம் ஒருமுறை மனநல வைத்திய அதிகாரி அவர்களைச் சந்தித்துச் சிக்கலான ஆட்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டால் அதுவே பெரிய தொடக்கம்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பெண்கள் தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் இருக்க வேண்டும். சொன்ன இரகசியம் மறுநாள் ஆபீசுக்குப் போய், “இவளுக்கு மண்டை சரியில்லை, மலைக்கு எடுக்காதே” என்று திரும்பி வருமானால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். இன்னொன்றும் நடக்கலாம். சம்பளம் கேட்டு முணுமுணுக்கிறவர்களுக்கு மன அமைதி வகுப்பு நடத்தி அனுப்பும் புத்தி சில நிர்வாகங்களுக்கு வரும். அதை முளையிலேயே கிள்ள வேண்டும். அநியாயத்தைப் பார்த்து வரும் கோபத்துக்குச் சிகிச்சை தேவையில்லை.

தொழிற்சங்க நண்பர்கள் சிலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள்: சம்பளத்தையும் காணியையும் கொடுத்தால் பயம் தானாகப் போகும். பெரும் பங்கு உண்மைதான். கடன் தீர்ந்தால், சரியாத மண்ணில் வீடு கிடைத்தால் பலருடைய தூக்கம் திரும்பும். இந்த மலையில் அதைவிடப் பெரிய உளநலத் திட்டம் வேறில்லை. ஆனால் எல்லோருக்கும் திரும்பாது. புதிய வீட்டுக்குக் குடிபோன பின்னும் மழைக்கு நடுங்குகிற ஒருவர் இருப்பார். பேரிடருக்குப் பின் பெரும்பாலானோரின் கலக்கம் சில கிழமைகளில் தணியும், ஒரு பகுதியினருக்குத் தணியாது என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். வீடு கட்டி முடியும் வரை அவரைக் காக்கவைப்பதற்கு எந்தக் கொள்கையும் நியாயம் ஆகாது. சங்கங்கள் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக உடம்புக்காக வாதாடிப் பழகியவை. அந்த வாதத்தில் மனதுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்.

இதை வாசிக்கிறவர் அந்தப் பெண்ணாகவே இருந்தால், அல்லது அவளுடைய புருஷனாகவோ பிள்ளையாகவோ இருந்தால்: முதலில் பக்கத்து அரச வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். உடம்பில் குறையில்லை என்றால் விட்டுவிடாமல், “மனநல கிளினிக் எந்த நாள்?” என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் போனில் தொடங்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. 1333 என்ற இலக்கத்திலும் இலவசமாகப் பேசலாம். இரண்டிலும் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. உயிரை விடத் தோன்றுகிற இரவாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்துக் காம்பராக்காரரையாவது எழுப்பிக் கூட வைத்துக்கொண்டு அழையுங்கள். வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: “பயப்படாதே” என்று சொல்வதை நிறுத்திவிட்டு, கிளினிக்குக்குக் கூடப் போங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடமும் சங்கங்களிடமும் கேட்பது ஒன்றே. கிளினிக் கொப்பியைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, வெட்டாதீர்கள். மாதம் ஒரு நாள், அரைப்பேராவது போடுங்கள். அதற்குப் பாராளுமன்றத்தில் சட்டம் வர வேண்டியதில்லை. தோட்டத்து ஆபீசில் ஒரு சுற்றறிக்கை போதும்.